கண்டம் எடுக்காத மீன்

எங்கள் வீட்டு ஹாலில் டிவி இருக்கவேண்டிய இடத்தில் மீன் தொட்டி இருக்கிறது. கல்யாணமாகி வந்த வருஷம் நான் சண்டை போட்டுத் தோற்ற முதல் விஷயம் அதுதான். டிவி ஜன்னலுக்கு எதிரே, பகலில் வெயில் அடித்து ஒரு முகமும் தெரியாத இடத்தில் தொங்குகிறது. தொட்டி மட்டும் நாலடி நீளத்தில், விளக்கு வைத்து, மோட்டார் குமிழி விட்டுக்கொண்டு, வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதையே பார்க்கும்படி நடு ஹாலில் உட்கார்ந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் போர் வண்டியில் டிரில்லர். ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் கண்ணாடிப் பெட்டியில் தண்ணீரை ஊற்றி வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். இவரோடு வேலை பார்க்கிறவர்களில் சிலர் சீட்டாடுவார்கள், சிலர் குடிப்பார்கள். இவருக்கு மீன். அதனால் நானும் ஓரளவுக்கு மேல் வாய் திறக்க முடியவில்லை.

முதலில் கப்பி, அப்புறம் தங்கமீன் என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தை வரை போய், காற்று அடைத்த பிளாஸ்டிக் கவரில் மூன்று மீன்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலிலேயே பெயரைச் சொன்னார்: நிம்போக்ரோமிஸ். கள்ளக்குறிச்சி வருகிற வரைக்கும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார் என்பது அந்த வேகத்திலேயே தெரிந்தது.

"ஆப்பிரிக்காவுல மலாவின்னு ஒரு ஏரி. அந்த ஏரியைத் தவிர வேற எங்கயும் கெடையாதாம். நம்ம வூட்டு போர் தண்ணி இருக்குது பாரு, சோப்புப் போட்டா நொரையே வராதே, அந்தத் தண்ணிதான் இதுக்குப் புடிக்குமாம்" என்றார்.

நாங்கள் வாயில் வைக்க முடியாத தண்ணீர் அதுகளுக்குப் பிடிக்கிறதென்றால் அதுகளின் லட்சணம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பார்க்கவும் அழகில்லை. வெளுத்த உடம்பில் பழுப்புப் பழுப்பாகத் திட்டுகள், ஈரம் ஏறிய சுவர் மாதிரி. உள்ளங்கையைவிடப் பெரிதாக வளர்ந்தன. வாய் மட்டும் உடம்புக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

நான் ஒரு மெடிக்கல் கடையில் வேலை பார்க்கிறேன். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவேன். மீன்கள் வந்த வாரமே ஒரு மத்தியானம் வந்து பார்த்தால், மூன்றில் பெரியது மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. திட்டெல்லாம் நிறம் மங்கி, அழுக ஆரம்பித்த மாதிரி. செவுள்கூட அசைகிற மாதிரித் தெரியவில்லை. அடப்பாவமே, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாரே என்று எனக்கே கஷ்டமாகிவிட்டது. போன் போட்டேன். செத்துப்போச்சுங்க என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் காதிலிருந்து போனை எடுத்துவிட்டேன். பேசாமல் தள்ளி நின்று பார் என்றார்.

பார்த்தேன். தொட்டியில் இருந்த சின்ன மோலி மீன்கள் இரண்டு, பிணம் கிடக்கிறது, கொத்தித் தின்னலாம் என்று மெதுவாகக் கிட்டே வந்தன. மோந்து பார்த்தன. ஒன்று அதன் வாய்ப் பக்கம் போனது. அவ்வளவுதான், மணல் கலங்கியது. கலங்கல் அடங்கியபோது பெரியது நிமிர்ந்து நீந்திக்கொண்டிருந்தது. கிட்டே வந்த இரண்டு மோலிகளில் ஒன்றுதான் இருந்தது. சாப்பிட வந்தது சாப்பாடாகிவிட்டது.

எனக்கு அன்றைக்கே அந்த மீனைப் பிடிக்காமல் போய்விட்டது. ஓடிப் பிடித்துத் தின்கிற மீன் உலகத்தில் எத்தனையோ இருக்க, இது செத்துக் காட்டித் தின்கிறது. அவரிடம் சொன்னால், "பாவம், அதுவும் பொழைக்கணுமில்ல" என்பார்.

என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். மாமனார் போன பிறகு திருநாவலூர்ப் பக்கத்திலிருந்து வந்துவிட்டார். காடு கழனியில் பாடுபட்ட உடம்பு. சர்க்கரையும் பிரஷரும் வந்த பிறகும் சும்மா உட்காரத் தெரியாது. முதலில் மீன்களை அவரும் திட்டிக்கொண்டுதான் இருந்தார். மாறியது எப்போதென்றால், எங்கள் பின் தெருவில் ஒருவர் வண்டியோடு லாரிக்கு அடியில் போய் ஒரு சிராய்ப்போடு எழுந்து வந்தாரே, அதற்குப் பிறகுதான். அன்று காலை அவர் வீட்டுத் தங்கமீன் செத்து மிதந்ததாம். வீட்டு ஆளுக்கு வருகிற கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டு போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். மீன் வாங்கும்போதே கடைக்காரரே சொல்லிக் கொடுத்துவிடுவார். மீன் செத்தால் அழக்கூடாது, கும்பிட்டு மண்ணில் புதைக்க வேண்டும், அது நமக்காகப் போனது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாம்பிராணி தொட்டிக்கும் உண்டு. கண்ணாடியின் மூலையில் குங்குமப் பொட்டு. பெரியது ஒருக்களித்துப் படுத்திருந்தால், "எழுந்திரிடா நடிப்புக்காரா, ஆளுங்க வர்ற நேரம்" என்று அதட்டுவார். அதன் வித்தை வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். மாத்திரை எடுத்துக் கொடுத்தே பிழைக்கிற எனக்கு இந்தக் கண்டம் கதையெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிப்பை மெடிக்கலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

போன வருஷம் என் வீட்டுக்காரருடைய முதலாளி இரண்டு வண்டிகளைக் கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே கிராமம் கிராமமாகத் தண்ணீர்க் குழாய் போடுகிறார்களாம். சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்கள் எத்தனையோ வருஷமாகப் போகிறார்கள், எங்கள் வீட்டுக்கு அது புதிது. எந்த நாடு என்று கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மலாவி.

மாமியார் அழுதார். "எங்கம்மா போறேன், நம்ம மீனோட ஊருக்குத்தான போறேன்" என்று அவர் தேற்றினார். கூட ஹெல்பராகப் போனவர் வெள்ளிமலைக்காரர். அவரை நாங்கள் வீட்டில் மலைக்காரர் என்றே சொல்வோம். என் வீட்டுக்காரரை அவர் அண்ணே என்பார், என்னை அக்கா என்பார், வயதில் எங்கள் இரண்டு பேருக்கும் மூத்தவர் என்றாலும்.

அவர்கள் போன இரண்டாம் மாதமோ என்னவோ, என் வீட்டுக்காரர் ஏரிக்கரையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். அந்தப் பக்கம் கரையே தெரியவில்லை. அலை அடித்துக்கொண்டிருந்தது. "இது ஏரியாடா? கடல்னு சொல்லு" என்றார் மாமியார். மீன்காரர் ஒருவர் படகிலிருந்து கூடையை இறக்கிவைத்தார். அதில் எங்கள் திட்டு மீன். என் வீட்டுக்காரர் அதைக் கையில் தூக்கிக் காட்டி, குழந்தையைப் போலக் கத்தினார். அங்கே அதற்கு காலிகோனோ என்று பெயராம். தூங்குமூஞ்சி என்று அர்த்தமாம். குழம்பு வைத்துச் சாப்பிடுவார்களாம்.

"அய்யய்யோ, காவல் இருக்கிறதைப் போய் எவனாவது திம்பானா?" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அந்த நாட்டின் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

அங்கே மழைக்காலம் வந்தது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் போனில் காய்ச்சல் என்றார். ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள், மலேரியா, மாத்திரை கொடுத்தார்கள் என்றார். மாத்திரையின் பெயரைக் கேட்டேன், சரியான மாத்திரைதான். நிம்மதியாகக் கடைக்குப் போனேன். அடுத்து வந்த போன் அவருடையதல்ல, மலைக்காரருடையது.

"அக்கா, பயப்படாதீங்க. அண்ணன் ஆளு அடையாளம் தெரியாம பேசிக்கினு இருந்தாரு. இப்ப பேசல. கண்ணைத் தொறக்கல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். மூளைக்கு ஏறிடுச்சாம்க்கா."

நான் அப்போது கவுண்டரில் நின்றிருந்தேன். எதிரே ஒருவர் காய்ச்சல் மாத்திரைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தினமும் நூறு பேருக்குச் சொல்கிற பதில்.

என்ன செய்ய முடியும்? என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. இருந்தாலும் இங்கிருந்து எத்தனை விமானம் மாறி, எங்கே இறங்கி, யாரிடம் எந்த மொழியில் கேட்பது? முதலாளி நல்ல மனுஷர்தான், தினமும் கூப்பிட்டார், நல்ல ஆஸ்பத்திரி, டாக்டர்கள் பார்க்கிறார்கள், ஊசி போகிறது என்றார். எந்த ஊசி என்று மலைக்காரரை விட்டு மருந்துக் குப்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதுவும் சரியான ஊசிதான். எல்லாம் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது, அவர் கண்ணைத் திறக்கவில்லை. கோபப்படுவதற்காவது ஒரு ஆள் கிடைத்திருந்தால் தேவலை என்றிருந்தது.

ஒரு முறை மலைக்காரர் அவரை வீடியோவில் காட்டினார். ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார்கள். முகம் வெளுத்து, உதடு வெடித்து. "ஏங்க" என்றேன். கடையின் பின்பக்கம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று, ஏங்க ஏங்க என்று கத்தினேன். மலைக்காரர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

மாமியாரிடம், உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். எதற்கென்று எனக்கு முதலில் புரியவில்லை. மீனைப் பார்த்து மனசை ஆற்றிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கடைக்கே போன் வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத குரல். "ஏய், உடனே வாம்மா. பெரிசு போய்டுச்சு. கட்டையா கெடக்குது. எம்புள்ளைக்கு இனிமே ஒண்ணும் இல்லம்மா, அவன் பொழைச்சுக்கினான்!"

ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன். மாமியார் தொட்டிக்கு முன் கற்பூரம் ஏற்றி வைத்திருந்தார். தட்டில் புதைப்பதற்கு மஞ்சள் துணிகூடத் தயாராக இருந்தது. பெரியது மணலில் ஒருக்களித்து, நிறம் மங்கிக் கிடந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷமாக அதட்டி எழுப்பிய அதே மீன். அதன் வித்தை அத்தனையும் அவருக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு நின்றார்.

"அத்தை, அது..." என்று ஆரம்பித்தேன். முடிக்க வேண்டியிருக்கவில்லை. குட்டி போட்டுப் பெருகிக்கொண்டே இருந்த மோலிகளில் ஒன்று கிட்டே வந்தது. மணல் கலங்கியது. பெரியது எழுந்து, வயிறு நிறைந்த திருப்தியில் ஒரு சுற்றுச் சுற்றியது.

மாமியார் கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்தார். கற்பூரத்தை ஊதி அணைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. அந்த வாரம் முழுக்க இதே கதை. அது படுக்கும்போதெல்லாம் அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்பார். சில நேரம் ரொம்ப நேரம் படுத்திருக்கும். அவர் மூச்சுவிடாமல் பார்ப்பார், உதடு மட்டும் போ, போ என்று அசையும். அது எழுந்ததும் உட்காருவார். எனக்கு அந்த மீனின் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு நாள், "மோட்டார் ஸ்விட்சை அமுத்திடட்டுமா அத்தை?" என்று கேட்டேவிட்டேன். கண்டமாவது மண்ணாவது என்று சிரித்தவள்தான் கேட்டேன்.

"நாம கொன்னா அது கணக்குல வராதும்மா. தானா போவணும். மனசார எடுத்துக்கணும்" என்றார். பிறகு தொட்டியைப் பார்த்து, "இதுக்கு மனசே இல்ல. எவ்ளோ சோறு போட்டிருப்பான் இதுக்கு!" என்றார்.

நான் எதையோ மறைக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். மலைக்காரர் தன் பெண்டாட்டியிடம் நிஜத்தைச் சொல்லியிருப்பார், போய்க் கேட்டு வரலாம் என்று பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வெள்ளிமலை பஸ் ஏறினோம். மலைக்காரரின் மனைவி சாமைக் கதிர் அடித்துக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து மாமியாரைக் கட்டிக்கொண்டார். அவருக்கும் எங்களுக்குத் தெரிந்ததற்கு மேல் தெரியாது. அவர் வீட்டில் சிக்னல் கிடைக்காது, மேட்டுப் பாறைமேல் ஏறினால்தான் பேச முடியும், வாரம் ஒரு தரம் பேசுகிறார். சாமைக் கஞ்சி கொடுத்தார். பிறகு, காட்டோரம் இருந்த அவர்கள் சாமியிடம் கூட்டிக்கொண்டு போனார். நட்ட கல்லும் மஞ்சளும் வேலும்தான். மாமியார் அதன் எதிரே நெடுநேரம் நின்றார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன வேண்டினார் என்று எனக்குக் கேட்கவில்லை. மொட்டை, கெடா, பொங்கல் என்று வழக்கமாக வேண்டுவதாக இருக்கும் என்று நினைத்தேன்.

இறங்குகிற பஸ்ஸில் போன் அடித்தது. மலைக்காரர். "அக்கா, டாக்டர் இன்னா சொல்றாருன்னா..." அதோடு போய்விட்டது. அடுத்த வளைவில் ஒரு கோடு சிக்னல் வந்தது, கூப்பிட்டேன், ஒரு மணி அடித்து அறுந்தது. அதற்கடுத்த வளைவில் அதுவும் இல்லை. டாக்டர் என்ன சொல்கிறார் என்பது மலைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது, டிரைவர் நிதானமாக ஹாரன் அடித்து அடித்து இறங்கிக்கொண்டிருந்தார். "யாரு?" என்றார் மாமியார். கடையிலிருந்து என்றேன். போனை முந்தானைக்குள் மறைத்தேன்.

மலையடிவாரம் வந்ததும் மலைக்காரர் மறுபடி பேசினார். கிட்னியும் சரியாக வேலை செய்யவில்லையாம். "உங்க சாமிய வேண்டிக்குங்கன்னு டாக்டரே சொல்றாருக்கா." மாமியாரிடம், அப்படியேதான் இருக்கிறாராம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து மாமியார் தொட்டிப் பக்கம் போகவில்லை. ஸ்டூலை எடுத்துச் சமையலறையில் போட்டுவிட்டார். முகத்தில் ஒரு அமைதி. மலைச்சாமியிடம் பாரத்தை இறக்கிவிட்டார் போலிருக்கிறது என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அவர் எழுந்த இடத்தில் இப்போது நான் உட்கார ஆரம்பித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, மெடிக்கலில் வேலை பார்க்கிற நான், ஊசியின் பெயரும் அளவும் தெரிந்த நான், ஒரு திட்டு மீனிடம் போய், செத்துத் தொலையேன், உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினேன். அது என்னைச் சட்டை செய்யவில்லை. எனக்கு வேறு போக்கிடம் தெரியவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் மலைக்காரர் கூப்பிட்டார். வார்த்தை வராமல் திக்கினார். "கண்ணைத் தொறந்துட்டாருக்கா. என்னைப் பேரு சொல்லிக் கூப்ட்டாரு. தண்ணி கேட்டாரு." கடையில் நான் வாய்விட்டு அழுதேன். மாத்திரை வாங்க வந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஒதுங்கி நின்றார்கள். மெடிக்கல் முதலாளியம்மா என்னைக் கடையைவிட்டு வீட்டுக்குத் தள்ளினார்.

மாமியார் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். சொன்னேன். அவர் என்னைப்போல அழவில்லை, சிரிக்கவும் இல்லை. "தெரியும்மா" என்றார். "எப்படித் தெரியும்?" என்றேன். அவர் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குப் போய், தீனி டப்பாவைத் திறந்து தாராளமாகப் போட்டார். "தின்னுங்க. உங்களுக்கு இங்க வேலை இல்ல" என்றார் மீன்களிடம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது மலை ஏறி இறங்கிய அலுப்பு என்று நினைத்தேன். தினமும் காலையில் மாத்திரை போட்டீங்களா என்று கேட்பேன், போட்டேன் என்பார்.

அந்த வாரக் கடைசியில் பாத்ரூமில் விழுந்தார். வலது கை, வலது கால் இரண்டும் இழுத்துக்கொண்டன. வாய் ஒரு பக்கம் கோணியது. ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிரஷரும் சர்க்கரையும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, மாத்திரை சாப்பிடுவதில்லையா என்று டாக்டர் கேட்டார். சாப்பிடுகிறார், நான்தான் வாங்கி வந்து கொடுக்கிறேன், மெடிக்கலில் வேலை பார்க்கிறேன் என்று ஜம்பமாகச் சொன்னேன். துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். வாங்கி வைத்த அட்டைகள் ஒன்றுகூடக் கிழிக்காமல் இருந்தன.

ஓடிப்போய்க் கேட்டேன். ஏன் அத்தை, ஏன்? வார்த்தைகள் அவர் வாயின் கோணல் பக்கமாக வழுக்கி வழுக்கி வந்தன. காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் புரிந்தது.

"அந்த மீனுதான் எடுத்துக்கலையே. யாராவது எடுத்துக்கணும் இல்ல? மலையில வேண்டிக்கினேன், நான் எடுத்துக்கறேன்னு. எடுத்துக்கினேன். அவன் எழுந்துட்டான் பாத்தியா?"

நான் சொல்லாததில்லை. உங்கள் பிள்ளைக்கு வந்தது கொசுவால் வந்த காய்ச்சல், போனது ஊசியால் போனது, அந்தக் குப்பியின் போட்டோ இப்போதும் என் போனில் இருக்கிறது, பாருங்கள் என்று காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். நர்ஸ் வந்து மாத்திரையை வாயில் வைத்தால் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, அவர் அந்தப் பக்கம் போனதும் துப்பிவிடுவார். நான் வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்வார். கையில் ஏறிய ஊசியை இடது கையால் பிடுங்கப் பார்த்தார். மாத்திரை போட்டுக்கொண்டால் எழுந்து நடக்கலாம், இல்லாவிட்டால் இன்னொரு தரம் வரும், அப்போது எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் அவரிடமே சொன்னார்.

டாக்டர் போன பிறகு மாமியார் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "நான் எழுந்துக்கினா அந்தக் கண்டம் எங்க போவும்? சுத்திக்கினு போய்த் திரும்ப அவங்கிட்டதான நிக்கும்? நீ சும்மா இரும்மா."

மலாவியில் என் வீட்டுக்காரர் கஞ்சி குடித்து, உட்கார்ந்து, போனில் பேசும் அளவுக்கு வந்துவிட்டார். அம்மாவைக் காட்டு என்றார். மாமியார் நல்ல பக்கத்து முகத்தை மட்டும் போனுக்குக் காட்டிச் சிரித்தார். போனை வைத்த பிறகு நான் தனியாக அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, நீங்களாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் மறுபடி கூப்பிட்டு, அம்மா, மாத்திரை போட்டுக்கம்மா என்று அழுதார். மகன் அழுகிற தெம்புக்கு வந்துவிட்டதில் மாமியாருக்குச் சந்தோஷம்தான் ஜாஸ்தியானது. மாத்திரை உள்ளே போகவில்லை.

குளித்துவிட்டு வரலாம் என்று ஒரு நாள் காலை வீட்டுக்கு வந்தேன். கரண்ட் எப்போது போய் எப்போது வந்ததோ, மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் கலங்கலாக இருந்தது. மற்ற இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பெரியது மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. மோட்டாரைத் தட்டி ஓடவிட்டேன். பையை வைத்துவிட்டு, நின்று பார்த்தேன். மிச்சமிருந்த ஒரே மோலி அதன் கிட்டே போனது. வாயருகே போனது. கண்ணைக் கொத்தியது. மறுபடி கொத்தியது. பெரியது அசையவில்லை.

நான் கையை விட்டுத் தொட்டேன். விறைத்திருந்தது. உண்மையாகவே செத்திருந்தது, தானாகவே செத்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! கடவுளே கடவுளே என்று சொல்லிக்கொண்டே அதை எடுத்து டிபன் டப்பாவில் போட்டு, குளிக்காமல் கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாமியாரின் தலையணை பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து அவர் கண்ணுக்கு நேரே காட்டினேன்.

"அத்தை, பாருங்க. பெரிசு போய்டுச்சு. தானாப் போய்டுச்சு. அது எடுத்துக்கிச்சு அத்தை. நீங்க இனிமே ஒண்ணும் எடுத்துக்க வேணாம், அவருக்கும் ஒண்ணும் வராது. மாத்திரையைப் போட்டுக்குங்க."

மாமியார் தலையைத் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இடது கையைத் தூக்கி, விரலால் அதன் முதுகைத் தடவினார். பாதி முகத்தால் சிரித்தார்.

"நடிக்குதும்மா" என்றார். "வெளிய வெச்சுக்கினு இருந்தா நெஜமாவே செத்துடும். சீக்கிரம் எடுத்துக்கினு போய்த் தண்ணியில உடு."

ஒரு கையில் டப்பாவும் இன்னொரு கையில் மாத்திரையுமாக நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணை மூடி, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.